பன்னிரண்டு கறுப்புகள்

புனேக்கு முதன்முதலாக வரும் தமிழர் கண்ணில் உடனே படுவது அந்த ஊர்க் கல்லின் நிறம். ஜங்கலி மகாராஜ் சாலையோரம் எட்டாம் நூற்றாண்டில் குடைந்த பாதாளேஸ்வரர் கோயில், பர்வதி மலைப் படிகள், சனிவார்வாடாவின் கோட்டை மதிலின் அடிப்பகுதி, பழைய பேட்டைகளில் இடியாமல் மிஞ்சிய வாடா வீடுகளின் வாசற்படி, எல்லாமே ஒரே கருஞ்சாம்பல். மழை நனைத்தால் அது முழுக் கறுப்பாகிவிடும். ஊரைச் சுற்றி நிற்கும் டேக்டி என்ற குன்றுகளும், தென்மேற்கில் தெரியும் சிங்ககட் கோட்டை மலையும் அதே கல்தான். சுத்தியால் தட்டினால் உள்ளேயும் அதே நிறம்.

நான் பிறந்து வளர்ந்தது கிருஷ்ணகிரிப் பக்கம். அங்கே கல் இப்படி இருக்காது. இளஞ்சிவப்புப் பட்டை, வெள்ளைப் பட்டை, நடுவே கறுப்பு அபிரகம் மினுக்கும் சாம்பல் பட்டை என்று ஒரே பாறையில் பல வண்ணம் ஓடும். அப்பா கல்குவாரியில் மேஸ்திரி. அறுத்து எடுத்த கல்லில் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கத்துக் குன்றிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவார். உளி வைக்குமுன் கல்லின் ஓட்டம் பார்க்க வேண்டும் என்பது அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம். அதனால் கல் என்றால் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பொருள் என்ற எண்ணம் எனக்குள் ஆழமாக இருந்தது. திருச்சியில் நிலவியல் படித்தபோதும் அந்த எண்ணம் அசையவில்லை.

1988-ல் ஆய்வு மாணவியாகப் புனே பல்கலைக்கழகத்துக்கு வந்தேன். அதற்கு இன்னும் சாவித்ரிபாய் புலே பெயர் சூட்டியிருக்கவில்லை. அந்த ஆண்டுதான் இந்திய நிலவியல் கழகம் தக்காணத்துப் பசால்ட், அதாவது இந்தக் கறுப்புக் கல், பற்றிய தன் பத்தாவது ஆய்வுத் தொகுதியை வெளியிட்டது. பதிப்பாசிரியர் மும்பை ஐ.ஐ.டி.யின் கே.வி. சுப்பாராவ். எங்கள் துறையில் அதன் ஒரே பிரதி கைமாறிக்கொண்டே இருந்தது. நான் முழுக்கப் படித்து முடிப்பதற்குள் அட்டை பிய்ந்துவிட்டது.

தக்காணத்துக் கறுப்புக் கல்லின் பருமன் இன்றைக்கும் எனக்கு மலைப்பூட்டுவது. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு நிலம் நெடுக வெடித்து, வெடிப்புகள் வழியே கற்குழம்பு வெளிவந்து பரந்தது. நாம் படத்தில் பார்க்கும் கூம்பு எரிமலை அல்ல இது. குழம்பு ஒருமுறை பரவும், உறையும், சில காலம் ஓயும், மறுபடி அதன் மேலேயே பரவும். இப்படிப் பரவிப் பரவி மேற்குத் தொடர்ச்சி மலைப்பக்கம் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் கனத்துக்கு அடுக்கு ஏறிவிட்டது. மழையும் ஆறும் அரித்தது போக இன்று மிஞ்சியிருப்பதே 5 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. இவ்வளவும் புவியின் கணக்கில் மிகக் குறுகிய காலத்தில், பத்து லட்சம் ஆண்டுக்கும் குறைவான காலத்தில், பெரும்பாலும் முடிந்துவிட்டது.

இந்த அடுக்குகளில் எது எதற்கு மேலே என்பதை எப்படிப் பிரிப்பது? நாசிக் மலையில் இருக்கும் அடுக்கும் சாத்தாரா மலையில் இருக்கும் அடுக்கும் ஒன்றா, வேறா? கண் இங்கே பயன்படாது. மஞ்சர், கிராவளி பக்கம் விரல் நீளத்துக்குப் பெல்ட்ஸ்பார் படிகங்கள் பதிந்த சில அடுக்குகள் உண்டு. அவற்றை யாரும் அடையாளம் காணலாம். மற்றதெல்லாம் கறுப்புக்கு மேல் கறுப்பு.

1985-ல் கீத் காக்ஸும் கிறிஸ் ஹாக்ஸ்வொர்த்தும் மகாபலேஷ்வர் மலைச்சரிவில் எடுத்த கற்களின் வேதியலை வெளியிட்டார்கள். மறு ஆண்டு ஜே.இ. பீன், பீட்டர் ஹூப்பர், சுப்பாராவ் முதலியோர் அதை வடக்கே இகத்புரி வரைக்கும் விரித்தார்கள். கல்லுக்குள் இருக்கும் டைட்டானியம், பேரியம், நியோபியம், ஸ்ட்ரான்ஷியம் ஆகியவற்றின் அளவை வைத்து அந்தக் கறுப்பைப் பன்னிரண்டு தொகுதிகளாகப் பிரித்துவிட முடிந்தது. ஜவ்ஹார், இகத்புரி, நேரல், தாக்கூர்வாடி, பீமாசங்கர், கண்டாலா, புஷே, போலாத்பூர், அம்பேனளி, மகாபலேஷ்வர், பன்ஹாலா, தேசூர். கீழிருந்து மேலாக இதுதான் வரிசை. அடுக்குகள் தெற்கு நோக்கி மெல்லச் சாய்ந்திருப்பதால் மூத்தவை நாசிக் பக்கமும் இளையவை பெல்காம் பக்கமும் தரைக்கு வருகின்றன. இந்தப் பெயர்களை நான் மனப்பாடம் செய்தது புனே–லோணாவளா உள்ளூர் ரயிலில். இன்றும் தூக்கத்தில் கேட்டால் சொல்வேன்.

எனக்குக் கிடைத்த வேலை மலைச்சாலைகளில் மாதிரிக் கல் எடுப்பது. மகாபலேஷ்வரிலிருந்து போலாத்பூருக்கு இறங்கும் அம்பேனளிக் கணவாய், லோணாவளாவுக்கு மேற்கே இறங்கும் போர் கணவாய், புனேக்கு அருகே காத்ரஜ், திவே கணவாய்கள். சாலைக்காக மலையை வெட்டிய இடத்தில் அடுக்குகள் வரிசையாகத் தெரியும். உயரமானியில் உயரம் குறித்து, அடுக்கின் நடுப்பகுதியில் காற்றுக்குமிழ் இல்லாத, மழைநீர் உள்ளே போய் மக்காத, புதிதாக உடைந்தால் பச்சை கலந்த கறுப்பாக மின்னும் துண்டாகப் பார்த்து எடுக்க வேண்டும். குமிழ் இருந்த இடங்களில் பிற்காலத்தில் வெந்நீர் ஓடி ஜியோலைட் படிகம் வளர்ந்திருக்கும். அது கலந்தால் கல்லின் வேதியல் கெட்டுவிடும். ஆகவே உலகமே தேடி வரும் அந்த அழகுப் படிகங்களை நாங்கள் ஒதுக்கிவிட்டுப் போவோம். வாகோலிக் குவாரிகளில் கிடைக்கும் நீலக் கேவன்சைட்டை மட்டும் என்னால் ஒதுக்க முடிந்ததில்லை. அதன் நீலத்துக்குக் காரணம் வனேடியம். அமெரிக்காவின் ஓரிகானில்தான் அதை முதலில் கண்டுபிடித்தார்கள். ஆனால் உலக அருங்காட்சியகங்களில் இருக்கும் நல்ல கேவன்சைட் எல்லாம் பெரும்பாலும் புனேக்கு வெளியே இருக்கும் இந்தக் குவாரிகளிலிருந்து போனவை. மயில்கழுத்து நிறத்தில் சிறு உருண்டைகளாக வெள்ளை ஸ்டில்பைட் மேல் உட்கார்ந்திருக்கும். கருங்கல் ஜல்லிக்காக உடைக்கிற இடத்தில் அப்படி ஒரு நீலம் வெளிவருவதை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

சிங்ககட் அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் கிணறு வெட்டும் பெரியவர் ஒருவர் எங்களுக்குத் துணை வருவார். எல்லோருக்கும் அவர் காகா. என்னைக் குழந்தை என்ற பொருளில் "பாளா" என்று கூப்பிடுவார். சம்மட்டி பிடிப்பதில் அப்பாவுக்குச் சளைத்தவர் அல்ல. மேலே முரும், அதற்குக் கீழே காளா பாஷாண், நடுநடுவே கேரு என்று அவருக்கு ஒரு கணக்கு உண்டு. முரும் என்பது மக்கி உதிர்ந்த கல். காளா பாஷாண் இறுகிய பசால்ட். கேரு என்பது இரண்டு அடுக்குக்கு நடுவே வரும் செங்காவிப் பட்டை. கிணற்றுச் சுவர் சரிவது கேருவில்தான் என்பார். ஒரு குழம்பு உறைந்த பிறகு அடுத்தது வருமுன் காற்றும் மழையும் அதன் மேல்முகத்தை மண்ணாக்கிய அடையாளம் அந்தச் சிவப்பு. எரிமலை ஓய்ந்திருந்த நாட்கள் அங்கேதான் பதிவாகியிருக்கின்றன. வேதியல் ஆய்வு செய்யும் எங்களுக்கு அது மக்கிய பொருள், ஆகவே பயன்படாது. அன்றைக்குப் பசால்ட்டின் வேதியல் பார்ப்பவர்களின் பொது வழக்கம் அதுதான். கேருவின் உயரத்தை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு மேலே நடப்போம்.

துறைக்குத் திரும்பியதும் கல்லை உடைப்பது ஒரு தனி உலகம். துருப்பிடித்த ஓரங்களை வெட்டி எறிந்து, துண்டுகளைக் கழுவிக் காயவைத்து, தாடை உடைப்பானில் போட்டு, பிறகு அகேட் உரலில் மாவாக அரைக்க வேண்டும். எஃகு உரலோ டங்ஸ்டன் கார்பைடு உரலோ ஆகாது. உரலின் உலோகம், கார்பைடு என்றால் கோபால்ட்டும் டாண்டலமும், மாவில் ஏறி, கல்லுக்கே உரியது போல எண்ணில் வந்து நிற்கும். ஒரு கல் முடிந்து அடுத்த கல் அரைக்குமுன் உரலைக் குவார்ட்ஸ் மணலால் துலக்க வேண்டும். விடுதியில் என் அறைத்தோழி என் தலைமுடியைத் தட்டினால் பசால்ட் உதிரும் என்பாள்.

அரைத்த மாவில் ஒரு பகுதி எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவிக்குப் போகும். தேர்ந்தெடுத்த சில, ஐசோடோப் அளக்க வெளியூர் ஆய்வகத்துக்குப் போகும். அந்த எண்கள் திரும்பி வர மாதக்கணக்காகும். ஐசோடோப் எண்களில்தான் என் ஆய்வு வாழ்க்கையே திசை மாறியது. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

ரூபிடியம்-87 என்ற ஐசோடோப் மிக மெதுவாகச் சிதைந்து ஸ்ட்ரான்ஷியம்-87 ஆக மாறுகிறது. பாதி சிதைவதற்கே சுமார் 4,900 கோடி ஆண்டுகள் ஆகும். கிரானைட்டில் ரூபிடியம் நிறைய உண்டு. எனவே பழைய கிரானைட்டில் காலம் ஏற ஏற ஸ்ட்ரான்ஷியம்-87 சேர்ந்துகொண்டே போகும். பூமியின் ஆழத்தில் மேன்டில் உருகி வரும் குழம்பில் அது குறைவு. ஸ்ட்ரான்ஷியம்-87-ஐ ஸ்ட்ரான்ஷியம்-86 ஆல் வகுத்துக் கிடைக்கும் எண்ணைப் பார்த்தால், குழம்பு எங்கிருந்து வந்தது, வரும் வழியில் எதைத் தொட்டது என்று தெரிந்துவிடும். புது மண்சட்டியில் கொதிக்கும் குழம்பில் மண் மணம் ஏறுகிறதே, அதுபோலத்தான்.

அம்பேனளிக் கற்களில் அந்த எண் 0.704 அளவில் நின்றது. மேன்டிலிலிருந்து ஏறக்குறைய எதையும் தொடாமல் வந்த குழம்பு. புஷேக் கற்களில் அது 0.713-ஐத் தாண்டியது. மூன்றாவது தசம இடத்தில் ஒன்பது கூடுவது வெளியில் இருப்பவருக்குச் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் எங்கள் துறையில் அது பெரிய பள்ளம். புஷேக் குழம்பு மேலே வரும் வழியில் எங்கோ தங்கி, கண்டத்தின் பழைய கிரானைட்டைச் சூடாக்கிக் கரைத்துத் தன்னுள் வாங்கியிருக்கிறது. மேஜைமேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரே கறுப்பு. ஒன்றில் மட்டும் கிருஷ்ணகிரி மாதிரியான ஒரு பழங்கல் கரைந்து கிடக்கிறது.

கிருஷ்ணகிரி என்று வாய்தவறிச் சொல்லவில்லை. தார்வார் கிரேட்டான் எனப்படும் பழைய கண்டத்துண்டின் தென்முனை எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. அந்தத் துண்டு கர்நாடகம் வழியாக வடக்கே போய்த் தக்காணத்துக் கறுப்புக்கு அடியில் நுழைகிறது. அடியில் அது எவ்வளவு தூரம் தொடர்கிறது என்பதை வெகுகாலம் ஈர்ப்பு அளவீட்டாலும் நிலநடுக்க அலைகளாலும்தான் ஊகித்து வந்தோம். 1967 டிசம்பர் 11 அன்று கொய்னா அணைப் பக்கம் 6.3 அளவு நிலநடுக்கம் வந்து பலர் உயிரிழந்தார்கள். அணைநீர் தேங்கியதற்கும் நடுக்கத்துக்கும் உள்ள தொடர்பை அறிய, பல பத்தாண்டுகள் கழித்து அங்கே ஆழத்துளை போட்டார்கள். 1,522 மீட்டர் போன முதல் துளையில் 930 மீட்டர் சொச்சத்தில் பசால்ட் முடிந்து கிரானைட்டும் நைஸும் வந்தன. பிறகு மூன்று கிலோமீட்டர் ஆழம் போன துளையிலும் அதே கதைதான். புனேயில் நடந்த ஒரு கருத்தரங்கில் அந்த உருளைக் கற்களின் படத்தைத் திரையில் போட்டார்கள். கறுப்பு, கறுப்பு, கறுப்பு, பிறகு இளஞ்சிவப்பும் சாம்பலும் பட்டையோடிய நைஸ். என் பக்கத்தில் இருந்தவரிடம், "இது எங்க ஊர்க் கல்" என்றேன். அப்பா இருந்திருந்தால் எந்தக் குன்று என்றே கேட்டிருப்பார்.

குழம்பு ஏன் வந்தது என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. பெரும்பான்மையோர் சொல்வது இது: இந்தியக் கண்டத்தட்டு ஆண்டுக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் வேகத்தில் வடக்கே ஓடிக்கொண்டிருந்தபோது, மேன்டிலின் ஆழத்திலிருந்து எழுந்த வெப்பத்தூண் ஒன்றின் மேல் வந்து நின்றது. தூண் இருந்த இடத்திலேயே இருக்க, தட்டு நகர நகர, அதன் தடம் லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ், மொரீஷியஸ் என்று நீண்டு, இன்று ரீயூனியன் தீவின் பித்தோன் த லா ஃபுர்னேஸ் எரிமலையில் முடிகிறது. மொரீஷியஸும் ரீயூனியனும், கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய நம் மக்கள் தைப்பூசக் காவடி எடுக்கும் தீவுகள். இந்தியா அன்று தெற்கு அரைக்கோளத்தில் இருந்தது என்பதற்குச் சாட்சி இதே கல்தான். 1956-ல் கிளெக், டாய்ச், கிரிஃபித்ஸ் மூவரும் தக்காணத்துப் பசால்ட்டில் உறைந்திருந்த காந்தச் சாய்வை அளந்து அதைச் சொன்னார்கள். கண்டங்கள் நகரும் என்பதைப் பலரும் நம்பாத காலம் அது. சில ஆண்டுகளில் மும்பை டாட்டா ஆய்வு நிறுவனத்தாரும் அந்த வேலையில் இறங்கினார்கள்.

மறுப்பவர்களும் உண்டு. மும்பை ஐ.ஐ.டி.யின் ஹேது சேத், வெப்பத்தூண் என்பதே தேவையில்லை, கண்டம் பிளந்ததே போதும் என்று 2005-ல் எழுதினார். சேஷல்ஸ் இந்தியாவிலிருந்து பிரிந்ததும் ஏறக்குறைய அந்தச் சமயம்தான் என்பதால் அந்த வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனாலும் என் மனம் அதில் நிற்காததற்குக் காரணம் டைக்குகள். குழம்பு ஏறி வந்த வெடிப்புகள் உறைந்து, நிலத்தில் செங்குத்துச் சுவராக நிற்பவை அவை. புனேக்கும் நாசிக்குக்கும் நடுவே ஏராளம். லோயிக் வாண்டர்க்ளோய்சன் குழு 2011-ல் அந்த டைக்குகளின் ஐசோடோப்பை மேலே இருக்கும் அடுக்குகளின் ஐசோடோப்போடு பொருத்திப் பார்த்தது. போலாத்பூர், அம்பேனளி, மகாபலேஷ்வர் என்ற மிகப்பெரிய அடுக்குகளுக்கு ஊட்டியவை இந்த நாசிக்–புனே டைக்குகள். அவை ஒரு திசையில் இல்லை, எல்லாத் திசையிலும் சிதறிக் கிடக்கின்றன. நிலம் ஒருபக்கமாக இழுபட்டுப் பிளந்து குழம்பு வந்திருந்தால் சுவர்கள் அணிவகுத்து நிற்க வேண்டும். மேற்குக் கடற்கரை டைக்குகள் அப்படித்தான் வடக்கு–தெற்காக நிற்கின்றன, ஆனால் அவற்றில் பல பிந்தியவை. இழுப்பு பின்னால் வந்தது, குழம்பின் பெருவெள்ளம் முன்னால் வந்தது என்றே நான் படிக்கிறேன்.

அந்த வெள்ளம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ராஜமுந்திரிக்குப் போக வேண்டும். கோதாவரிக் கரையில், தக்காணத்துக் கறுப்பு முடியும் இடத்துக்கு நெடுந்தொலைவு தள்ளி, வங்கக் கடல் பக்கமாகத் தனியே கொஞ்சம் பசால்ட் இருக்கிறது. உள்ளூர் எரிமலை என்று நினைத்தவர்கள் உண்டு. அதன் வேதியலும் ஐசோடோப்பும் அம்பேனளி, மகாபலேஷ்வர் அடுக்குகளோடு ஒத்துப்போகின்றன. ஸ்டீபன் செல்ஃப் குழு 2008-ல் சொன்னபடி, மேற்கு மலையில் எழுந்த குழம்பு பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியே ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் ஓடி அங்கே போய்ச் சேர்ந்தது. மேலே தோல் உறைந்து மூடிக்கொள்ள, உள்ளே சூடு குறையாமல் குழம்பு ஓடிக்கொண்டே இருந்தால்தான் இது முடியும். காத்தேரு குவாரியில் நின்று அந்தக் கல்லை உடைத்தபோது, பச்சை கலந்த அதே கறுப்பு. வேதியல் என்ற ஒன்று இல்லாவிட்டால் இந்தக் கல்லுக்கும் மகாபலேஷ்வருக்கும் உறவு சொல்ல யாராலும் முடிந்திருக்காது.

கடைசியாகக் கேருவுக்கு வருகிறேன். 2015-ல் பிரின்ஸ்டனின் பிளேர் ஷோன் குழு, நாங்கள் உயரம் மட்டும் குறித்துவிட்டுக் கடந்த அந்தச் செங்காவிப் பட்டைகளில் எரிமலைச் சாம்பலோடு வந்து விழுந்த சிர்கான் மணிகளைப் பொறுக்கியெடுத்து யுரேனியம்–ஈய முறையில் வயது கண்டது. பசால்ட்டில் சிர்கான் அரிது, கேருவில் அது இருந்தது. 2019 பிப்ரவரியில் அந்தக் குழுவும் கோர்ட்னி ஸ்ப்ரெய்ன் குழுவும் ஒரே 'சயன்ஸ்' இதழில் இரண்டு கட்டுரை வெளியிட்டன. ஸ்ப்ரெய்ன் குழு ஆர்கான் முறையில் பசால்ட்டையே அளந்தது. மெக்சிகோவில் விண்கல் விழுந்து டைனோசர்கள் அழிந்த கணம் நம் மலையில் எந்த உயரத்தில் வருகிறது என்பதில் இரண்டும் ஒத்துப்போகவில்லை. புஷே முடிந்து போலாத்பூர் தொடங்கும் இடத்தருகே என்கிறது ஸ்ப்ரெய்ன் குழு. போலாத்பூரின் பெரும்பகுதி அதற்கு முன்பே வந்துவிட்டது என்கிறது ஷோன் குழு. பழைய கிரானைட்டைக் கரைத்துக்கொண்டு வந்த குழம்பு ஓய்ந்து, அதைக் குறைவாகவே தொட்ட குழம்பு பெருக்கெடுக்கும் மாற்றமும் இதே இடத்தில்தான் நடக்கிறது. விண்கல்லின் அதிர்ச்சி அந்த மடையைத் திறந்துவிட்டதா என்று 2015-லேயே கேட்டுவிட்டார்கள். எந்தக் கேரு எந்த உயரத்தில் என்பது முக்கியமாகிவிட்டது.

சென்ற ஆண்டு ஆய்வு மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்து என் பழைய நோட்டுகளைக் கேட்டார். மலைச்சாலைகளை அகலப்படுத்தியதில் பல இடங்களில் நாங்கள் பார்த்த வெட்டுமுகமே இல்லை, கம்பிவலையும் சிமென்ட்டும் போட்டு மூடிவிட்டார்கள். "நீங்க கேரு உயரம் எல்லாம் குறிச்சிருக்கீங்களா அக்கா?" என்றார். குறித்திருந்தேன். அம்பேனளிக் கணவாயில் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றையும் படித்துச் சொல்ல, அவர் வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். மூடாமல் மிஞ்சியிருப்பவை எவை என்று மழை விட்டதும் போய்ப் பார்ப்பதாக ஏற்பாடு. சம்மட்டியை நானே எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.